எஸ்.பி.எம். முடித்ததும் தஞ்சோங் மாலிமா?

வணக்கம் அம்மா. மகள் படிவம் 4 படிக்கிறாள், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்கிறாள். சிலிம் ரிவரிலிருந்து தஞ்சோங் மாலிம் கிட்டதானே, எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 இறுதித் தேர்வு) முடித்ததும் அங்கேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பழைய கணக்கு.

மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக 1922-இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997-இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதுதான் உப்சி. மற்ற மக்தாப்புகள், அதாவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள், கல்வியமைச்சின் கீழேயே இருந்து ஆசிரியர் கல்விக் கழகங்களாயின. இன்று 27 வளாகங்கள். எஸ்.பி.எம். முடித்து மக்தாப் போனேன் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்களே, அந்த வழி இந்தக் கல்விக் கழகங்களில்தான் தொடர்கிறது: முதலில் முன்தயாரிப்பு வகுப்பு, பிறகு பி.ஐ.எஸ்.எம்.பி. என்ற 4 ஆண்டு ஆசிரியர் பட்டம். தமிழ்ப்பள்ளிக்கு இதுவே நேர்வழி. உப்சியிலும் தமிழ்க் கல்விப் பட்டம் உண்டு, ஆனால் எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழக முன்வகுப்பு) போன்ற ஒன்றை முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யு.பி.யு. வழியாக விண்ணப்பித்து, ஆசிரியராகப் பொருத்தமா என்று பார்க்கும் மெட்சி தேர்வும் நேர்முகமும் கடக்க வேண்டும். உப்சியில் படித்தவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள்.

கல்விக் கழகத்துக்குக் குறைந்தது 5 ஏ வேண்டும். ஏ மைனஸும் கணக்கில் சேரும். மலாய், வரலாறு இரண்டிலும் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) இருக்கட்டும்.

பிள்ளைகள் சறுக்குவது தமிழில்தான். மதிப்பெண் குறைந்து ஏ கெட்டுவிடுமோ என்ற பயம், வகுப்பு மாலையில் நடக்கிறது, பஸ் கிடைக்காது, இப்படி ஏதோ ஒரு காரணத்தால் படிவம் 4-இலேயே விட்டுவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறவள் தமிழை விட்டால் பிறகு எத்தனை ஏ எடுத்து என்ன? பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லையென்றால், 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் வகுப்பு வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எல்லாரும் கையெழுத்திட்ட கடிதமாக முதல்வரிடம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். படிவம் 5-இல் தேர்வுப் பதிவுத் தாள் கைக்கு வந்ததும் பஹாசா தமிழ், 6354 என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தமிழ் இலக்கியம் தனிப் பாடம்; இதற்கு ஈடாகாது.

புறப்பாடச் சான்றிதழ்களை இப்போதிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முடிவு வந்தபின் தேடினால் பாதி கிடைக்காது.

கல்விக் கழக விண்ணப்பம் இணையத்தில் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், யு.பி.யு.வில் போட்டதே போதும் என்று இருந்துவிட வேண்டாம், இரண்டும் வேறு வேறு. இடம் கிடைக்கும்வரை படிவம் 6-ஐயும் மெட்ரிகுலேஷனையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.