ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை நடுவில் விடலாமா?

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. இந்த செமஸ்டரில் எடுத்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதல் இரண்டு மிட்டர்மிலும் (இடைத்தேர்வு) நூற்றுக்கு 52, 58தான் வந்திருக்கிறது. விட்டுவிடட்டுமா என்று அழுகிறாள். விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் ‘டபிள்யூ’ (பாடத்தை நடுவில் விட்டதற்கான குறி) விழுமாம். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு, பாஸ் ஆனால் போதும் என்று நான் சொல்கிறேன். டபிள்யூ விழுந்தால் காலத்துக்கும் கறை என்கிறார் அவள் அப்பா. நாங்கள் சொல்வது சரிதானா?

பதில்: ‘பாஸ் ஆனால் போதும்’ என்பது நம் ஊர்க் கணக்கு, அம்மா. அங்கே அரியர் வைத்தாலும் அடுத்த முறை எழுதித் தேறிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். எம்பிபிஎஸ் சேரவும் நீட் என்ற ஒரே தேர்வின் மதிப்பெண்தான் வழிவிடுகிறது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர எம்கேட் என்ற தேர்வு எழுத வேண்டும் என்றாலும் அது பாதிதான். கல்லூரியில் முதல் செமஸ்டர் தொடங்கி வாங்கிய ஒவ்வொரு கிரேடும் மருத்துவக் கல்லூரியின் மேஜைக்குப் போகும்.

எம்டி (அங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே இதுதான்) கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம்தான் வாசல். அது உங்கள் மகளின் பல்கலைக்கழகம் போட்ட ஜிபிஏவை, அதாவது 4க்குக் கணக்கிடும் கிரேடு சராசரியை, அப்படியே எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பாடங்களையும் தானே மறுபடி கணக்கிடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் தனியாக இன்னொரு ஜிபிஏவும் போடும். பெற்றோர் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும் விதி ஒன்று உண்டு. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால், சில பல்கலைக்கழகங்கள் பழையதை நீக்கிப் புதியதை வைத்துக்கொள்ளும். ஆம்காஸ் அப்படிச் செய்யாது, இரண்டையும் எண்ணும். டிஓ (டாக்டராவதற்கான இன்னொரு பட்டம், ஆஸ்டியோபதி) கல்லூரிகளுக்கான விண்ணப்ப அமைப்பில் பழைய கிரேடை மாற்றிக்கொள்ளும் சலுகை முன்பு இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். டபிள்யூவோ எந்த ஜிபிஏவிலும் சேராது. விண்ணப்பத்தில் அந்தப் பாடத்தைக் குறிப்பிட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அறிவியல் பாடங்களில் இதுவரை 28 கிரெடிட், ஜிபிஏ 3.5 என்று வைத்துக்கொள்வோம். ஆர்கானிக் 4 கிரெடிட். ஏ என்றால் 4 புள்ளி, பி பிளஸ் 3.3, சி 2, டி 1. இதில் சி வந்தால் 3.31 ஆகிவிடும், டி வந்தால் 3.19. சி வாங்கிவிட்டுத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் 3.39தான். இப்போது விட்டுவிட்டு அடுத்த முறை பி பிளஸ் வாங்கினால் 3.48 அருகில் நிற்கும். அதாவது, சி வாங்கிப் பிறகு ஏ வாங்கிய மாணவியைவிட, டபிள்யூ விழுந்து பிறகு பி பிளஸ் வாங்கியவளின் எண் மேலே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் எம்டி படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.75க்கு மேல். அந்தப் போட்டியில் இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே கறை என்ற பயத்தை அவள் அப்பா விட்டுவிடலாம். ஒரே ஒரு டபிள்யூவுக்காக யாரும் விண்ணப்பத்தை ஓரம் வைப்பதில்லை. நான்கைந்து டபிள்யூ இருந்தால், அதுவும் எல்லாம் அறிவியல் பாடமாகவே இருந்தால், கடினமான பாடம் வந்தால் ஓடிவிடுகிறவர் என்ற எண்ணம் வரும். நேர்காணலில் கேட்பார்கள்.

அதற்காக உடனே விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். 52, 58 என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பின் சராசரி என்ன என்று எழுதவில்லை. ஆர்கானிக் தேர்வுகளில் வகுப்புச் சராசரியே ஐம்பதுகளில் நிற்பது சாதாரணம். சராசரி 54 என்றால் உங்கள் மகள் வகுப்பின் நடுவில்தான் இருக்கிறாள். பேராசிரியர் கர்வ் (வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு) போடுகிறவராக இருந்தால் அது பி மைனஸ் அல்லது பி ஆகக்கூடும். சராசரி 74 என்றால் நிலைமையே வேறு. பள்ளியில் 95க்குக் கீழே வாங்காத பிள்ளைக்கு 58 என்ற எண்ணைப் பார்த்ததுமே கண் இருட்டிவிடும். இப்படி அழுதுகொண்டு வந்து, கடைசியில் பி பிளஸ் வாங்கிப் போன மாணவர்களை ப்ரீமெட் (மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கான) ஆலோசகராக நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி மீதிக் கணக்கு. மொத்தம் மூன்று மிட்டர்ம், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம், வீட்டுப்பாடத்துக்கு 10, இறுதித் தேர்வுக்கு 30 என்று இருந்தால், இரண்டு மிட்டர்மில் கைக்கு வந்தது 22. வீட்டுப்பாடத்தில் 9 வரும் என்று கொள்வோம். ஆக 31. மூன்றாவது மிட்டர்மும் இறுதித் தேர்வுமாக இன்னும் 50 மிச்சம். பேராசிரியர் பி மைனஸ் எல்லையை 70இல் வைப்பவர் என்றால் அந்த ஐம்பதில் 39 வாங்க வேண்டும், அதாவது 78 சதவீதம். இதுவரை 55 சதவீதம் வாங்கியவள், இன்னும் கடினமாகப் போகிற பகுதியில் 78 வாங்குவாளா? எல்லை 60 என்றால் 58 சதவீதம் போதும், அது எட்டக்கூடியது. சிலபஸ் தாளையும் முந்தைய ஆண்டு எல்லைகளையும் வைத்துக்கொண்டு, அவளுடைய உண்மையான எண்களைப் போட்டு அவளே இதைச் செய்ய வேண்டும்.

கணக்கைவிட முக்கியமானது, மதிப்பெண் எங்கே போனது என்பது. நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். திருத்திய விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்வேன். முப்பரிமாண அமைப்பை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்க முடியாமல் ஆர், எஸ் குறிகளிலும் நாற்காலி வடிவங்களிலும் போனதா? எஸ்என்1, எஸ்என்2, இ1, இ2 என்ற நான்கில் எந்த வினை நடக்கும் என்று தீர்மானிக்க முடியாமல் போனதா? எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு போடுவதில் போனதா? நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்வி வெற்றாக விடப்பட்டதா? முதல் வகைக்கு மாடல் கிட் (மூலக்கூறுகளைக் கையால் கோத்துப் பார்க்கும் பெட்டி) ஒன்றும் இரண்டு வாரப் பயிற்சியும் பெரும்பாலும் போதும். அம்பே புரியவில்லை என்றால் பாடத்தின் அஸ்திவாரமே விழவில்லை என்று பொருள்.

காரணம் பெரும்பாலும் படிக்கும் முறையில்தான் இருக்கிறது. வினைகளை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு உடனே விடைப் புத்தகத்தைத் திறந்து, ஆமாம் புரிகிறது என்று தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அடுத்தவர் போட்டதைப் பார்த்துப் புரிவதும், வெள்ளைத் தாளில் தானே போடுவதும் ஒன்றல்ல. உயிரியலில் மனப்பாடம் கைகொடுத்ததால் இங்கேயும் கொடுக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ‘அடுத்த முறை எடுத்தால் எதை மாற்றிச் செய்வாய்?’ என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். ‘இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்’ என்பது பதிலாகாது. ‘வாரம் இரண்டு முறை பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்களின் சந்தேகம் தீர்க்க ஒதுக்கும் நேரம்) போவேன், விடையைப் பார்க்காமல் தினம் பத்துக் கணக்கு போடுவேன், இயற்பியலை அதே செமஸ்டரில் சேர்க்க மாட்டேன்’ என்று சொன்னால் அது பதில். அப்படி ஒரு பதில் இல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டும் இதே வாரத்தில் இதே அழுகைதான்.

என் தனிப்பட்ட கருத்து இது. பி மைனஸுக்கு நியாயமான வாய்ப்பு இருந்தால் இருக்கட்டும், விடவே வேண்டாம். சி மைனஸோ டியோ வரும் என்று கணக்கு சொன்னால் விட்டுவிடட்டும். சி மைனஸைத் தகுதிப் பாடமாகப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. எப்படியும் திரும்ப எடுக்க வேண்டிவரும், எண்ணும் கீழே போயிருக்கும். நடுவில் நிற்கும் சிதான் சங்கடம். அங்கே நான் ஜிபிஏவைப் பார்ப்பதைவிட அடுத்த பாடத்தைப் பார்ப்பேன். ஆர்கானிக் இரண்டாம் பாகத்தில் கார்போனைல் சேர்மங்கள் வரும். அதே அம்புகள், இன்னும் நீண்ட படிகள். முதல் பாகம் புரியாமல் சி வாங்கி அங்கே போகிறவர்கள் அநேகமாக இரண்டாவது சியை வாங்குகிறார்கள். அதற்கு மேல் பயோகெமிஸ்ட்ரி, அதற்கு மேல் எம்கேட். ஒரு கிரேடைக் காப்பாற்றப் போய் மூன்றை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாடம் புரிகிறது, முதல் தேர்வில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்றால் சியோடு முடித்தாலும் பாதகமில்லை.

விடுவதற்கு முன் இரண்டு விஷயம் அவள் விசாரித்தாக வேண்டும். ஆர்கானிக் லேப் தனிப் பாடமாக இருந்தால், வகுப்பை விட்டவர் லேபையும் விட வேண்டியிருக்கும். அப்போது 15 கிரெடிட் எடுத்தவள் 12க்குக் கீழே போய்விடலாம். 12 கிரெடிட் இருந்தால்தான் முழுநேர மாணவி. ஸ்காலர்ஷிப், விடுதி போன்றவை அதைப் பொறுத்திருக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகள், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் 12க்குக் கீழே இறங்கவே கூடாது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி வாங்குகிறவர்கள் எடுத்த கிரெடிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்திருக்க வேண்டும். டபிள்யூ, எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது. கட்டிய கட்டணமும் இவ்வளவு தாமதமாக விட்டால் பெரும்பாலும் திரும்பி வராது.

நாள்காட்டியைப் பார்த்துப் பதற வேண்டாம். இப்போது இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர். பல பல்கலைக்கழகங்கள் வசந்த காலத்திலும் ஆர்கானிக் முதல் பாகத்தை நடத்துகின்றன. அதை ஜனவரியில் எடுத்து, இரண்டாம் பாகத்தைக் கோடையில் முடித்தால் மூன்றாம் ஆண்டில் பயோகெமிஸ்ட்ரி வழக்கம்போல வந்துவிடும். ஆனால் தோற்ற முதல் பாகத்தையே கோடையில் திரும்ப எடுக்க வேண்டாம். பதினைந்து வாரத்தில் ஏறாதது ஆறு வாரத்தில் ஏறாது. அவசரமே வேண்டாம், ஓராண்டு தள்ளட்டும் என்றாலும் குடிமூழ்கிப் போகாது. கல்லூரி முடித்ததும் நேராக மருத்துவப் படிப்புக்குப் போகாமல் இடையில் ஓராண்டாவது எடுத்துக்கொண்டவர்கள்தான் இன்று சேர்கிறவர்களில் பாதிக்கும் மேல்.

நீங்களே பேராசிரியருக்கு போன் செய்துவிடலாமா என்று நினைப்பீர்கள். பதினெட்டு வயதோ கல்லூரியோ வந்துவிட்டால் மதிப்பெண் விவரம் மாணவிக்கே உரிமையானது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவள் சம்மதம் இல்லாமல் உங்களிடம் அவர்கள் பேசத் தயங்குவார்கள். அவளேதான் போக வேண்டும். இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பேராசிரியரிடம் போகட்டும். ‘நான் பாஸ் ஆவேனா’ என்று கேட்காமல், ‘இந்த நிலையில் இருந்தவர்கள் போன ஆண்டுகளில் எந்த கிரேடில் முடித்தார்கள்’ என்று கேட்கட்டும். அதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். பிறகு ப்ரீமெட் ஆலோசகர், நிதியுதவி அலுவலகம். இன்று இரவு போனில் நீங்கள் செய்ய வேண்டியது, விட்டாலும் முடித்தாலும் வீட்டில் சண்டை இல்லை என்று அவளிடம் சொல்வது. அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

ஒன்பது நாளை முழுசாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சில இடங்களில் பாடத்தை விடுவதற்கு ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும், அவர் அந்த வாரம் விடுப்பில் இருக்கலாம். சில இடங்களில் போர்ட்டல் நள்ளிரவு வரை இருக்காது, மாலை ஐந்து மணிக்கே மூடிவிடும். ஏழாம் நாளுக்குள் முடிவெடுத்துவிடட்டும்.