சிங்கப்பூரில் எந்த பாருக்குப் போவது? கவுன்டருக்குப் பின்னால் நின்றவனின் பதில்கள்

சிங்கப்பூர் காக்டெயில் பார்களில் பன்னிரண்டு ஆண்டுகள் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் நான். இப்போது வேலை வேறு. ஆனால் வாரத்தில் ஒரு மாலை கவுன்டருக்கு முன்னால் போய் உட்காருவதை மட்டும் விடவில்லை. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களும் இங்கேயே இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். எந்த பாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. ஆகவே மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து வருபவர்: அண்ணே, மூன்று நாள் பயணம். பாருக்கு ஒரே ஓர் இரவுதான் ஒதுக்க முடியும். எங்கே போகட்டும்?

அட்லஸ். யோசிக்கவே வேண்டாம் தம்பி. புகிஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்தால் பார்க்வியூ ஸ்குவேர் என்று பழுப்பு நிறத்தில் ஒரு கட்டடம் நிற்கும். 1930களில் கட்டியது போலத் தெரியும், ஆனால் 2002இல்தான் முடித்தார்கள். பேட்மேன் படத்தில் வருவதுபோல் இருக்கிறதென்று இங்கே பலரும் அதை ‘கோத்தம் கட்டடம்’ என்பார்கள். அதன் தரைத்தளக் கூடமே பார். கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும். நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி நிற்பது முழுக்க ஜின் பாட்டில்கள், 1,300 வகைக்கு மேல்.

அட்லஸ் 2017இல் வந்தது. அதற்கு முன் அதே கூடத்தில் ஓர் ஒயின் பார் இருந்தது. தேவதைச் சிறகு கட்டிய பெண்கள் கம்பியில் தொங்கி மேலே பறந்துபோய் பாட்டில் எடுத்து வருவார்கள். நல்லவேளை, அந்தக் கூத்தை நிறுத்திவிட்டார்கள்.

முன்பதிவு செய்துவிட்டு, வேலை முடிந்த கூட்டம் வருவதற்கு முன்பே மாலையில் போய்விடுங்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். அங்கே குடிக்க வேண்டியது மார்ட்டினி. அது பழக்கமில்லை என்றால் ஜின் அண்ட் டானிக் கேளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சென்னை: ராஃபிள்ஸ் ஹோட்டலில் சிங்கப்பூர் ஸ்லிங் குடிக்காமல் திரும்பினால் பாவமா?

பாவமில்லை. ஆனால் ஒரு தடவை போகலாம், கதைக்காக. 1915 வாக்கில் அங்கே பார்டெண்டராக இருந்த ஙியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் உருவாக்கியது என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. அந்தக் காலத்தில் பெண்கள் பலர் முன்னிலையில் மது அருந்தக் கூடாது; அதனால் பழச்சாறு மாதிரி தெரியும்படி செய்துகொடுத்தாராம். பார்த்தால் இன்றைக்கும் பழச்சாறுதான். பரவலாகப் புழங்கும் செய்முறையில் ஜின் 30 மில்லி, அன்னாசிச் சாறு 120 மில்லி. செர்ரி மது, பெனடிக்டின், குவாண்ட்ரோ, எலுமிச்சை, மாதுளைப் பாகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். விலை ஏறக்குறைய 40 வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்). இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் இரண்டாவது கிளாஸ் வேண்டாம் என்பேன்.

ராஃபிள்ஸில் இந்த ஸ்லிங் கிடைக்கும் இடம் லாங் பார். அங்கே எனக்குப் பிடித்தது வேர்க்கடலை. மேசையில் தொலியோடு வைத்திருப்பார்கள். உரித்துத் தின்றுவிட்டு தொலியைத் தரையில் போட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். நடக்கும்போது காலடியில் நொறுங்கும். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் இப்படி ஓர் இடம்! ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. தன் தொலியை மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரர் போட்டதையும் குனிந்து பொறுக்கிக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே இருந்தார். பில் வந்தபோது “இவ்வளவா? நான் வேற கூட்டிவிட்டிருக்கேன்” என்றார்.

செங்காங்: ஒரு கிளாஸ் 28 வெள்ளி என்பது கொள்ளை இல்லையா? எல்லாம் அரசாங்க வரிதானே?

கணக்கைப் பார்த்துவிடலாம். முதலில், பட்டியலில் 28 என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் நீங்கள் கட்டப்போவது 28 இல்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. ஆக 33 வெள்ளி 57 காசு. முதல்முறை வருபவர்கள் முழிக்கும் இடம் இதுதான். சேவைக் கட்டணம் இதிலேயே அடங்கிவிடுவதால் தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

இனி மது வரி. தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 40 சதவீத ஜின் 700 மில்லி பாட்டிலில் தூய ஆல்கஹால் 280 மில்லி, அதாவது வரி 24 வெள்ளி 64 காசு. வீட்டுக்கு பாட்டில் வாங்கும்போது இது வலிக்கும். ஆனால் ஒரு காக்டெயிலில் ஊற்றுவது 45 மில்லி என்று வைத்தால், அந்த கிளாஸுக்கான மது வரி 1 வெள்ளி 58 காசுதான். மிச்சம் எங்கே போகிறது? வாடகை, ஆள், கழுவும் கிளாஸ், அப்புறம் ஐஸ்.

ஐஸ் என்றதும் சிரிக்காதீர்கள். நாங்கள் மதியம் மூன்று மணிக்கே வந்து செய்த முதல் வேலை அதுதான். மேல்புறம் மட்டும் குளிர் படும்படி பெட்டியில் தண்ணீரை உறைய வைத்தால் மேலிருந்து கீழாக இறுகும். காற்றுக்குமிழி எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த அடிப்பாகத்தை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கும் மேல்பாகத்தைக் கட்டியாக வெட்டுவோம். விரல் மரத்துப்போகும். அப்படி வெட்டிய பெரிய கட்டி மெல்லத்தான் கரையும். கடைசி மடக்கு வரை பானம் நீர்த்துப்போகாது. கொள்ளை அடிக்கும் பார்களும் உண்டு, மறுக்கவில்லை. பொடி ஐஸை அள்ளிக் கொட்டி 28 வாங்கினால் அது கொள்ளை.

உட்லண்ட்ஸ்: மெனுவைப் பார்த்தால் ஒன்றுமே புரிவதில்லை. கேட்கவும் கூச்சம். பேசாமல் பியர் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

மேசையில் உட்காராதீர்கள், கவுன்டரில் உட்காருங்கள். மெனுவை மூடி வைத்துவிட்டு மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்தச் சரக்கு பிடிக்கும், புளிப்பா இனிப்பா கசப்பா, சரக்கு தூக்கலாக வேண்டுமா லேசாகப் போதுமா. “ரம், புளிப்பு, லேசாக” என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் நிற்பவர் முகம் மலர்ந்துவிடும். எங்களுக்கும் அதே பதினைந்து பானத்தைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப் போயிருக்கும்.

ஒரு பார் நல்லதா என்று பார்க்க நான் கேட்பது டைக்கிரி. ரம், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். ஒளித்துக்கொள்ள இடமே இல்லை. செய்பவர் கையைக் கவனியுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்ட்ராவை பானத்தில் விட்டு, மேல் முனையை விரலால் அடைத்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாரா? பார்த்தால் நம்பலாம். நம் வீட்டில் ரசம் கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்களே, அதேதான்.

இந்தக் கூச்சத்தைப் போக்க நான் ஆட்களை அனுப்பும் இடம் தஞ்சோங் பகாரில் அமாரா ஹோட்டலில் உள்ள ஜிகர் அண்ட் போனி. 2012இல் ஆமோய் தெருவில் தொடங்கி 2018இல் இங்கே மாறியது. 2020இல் ஆசியாவின் சிறந்த 50 பார்கள் பட்டியலில் முதலிடம். மெனுவே ஒரு வாரப் பத்திரிகை மாதிரி இருக்கும், படித்துக்கொண்டே குடிக்கலாம். பட்டியலில் முதலிடம் என்றால் பந்தா காட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆர்ச்சர்டில் 2017, 2018 இரண்டு ஆண்டும் முதலிடம் பிடித்த மன்ஹாட்டன் பாரோடு ஒப்பிட்டால் இது வீட்டுக் கூடம் மாதிரி.

கோலாலம்பூர்: இந்தத் தொழிலில் நம்ம ஆட்கள் யாராவது மேலே வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது; இந்த ஊர் குடிக்கும் விதத்தையே மாற்றியதில் அவர்களுக்குப் பங்குண்டு. விஜய் முதலியார் 2016இல் ஆமோய் தெருவில் நேட்டிவ் என்ற பாரைத் தொடங்கினார். அதுவரை பெயரெடுத்த பார் என்றால் ஐரோப்பியச் சரக்கு, ஐரோப்பியப் பழம். இவர் இந்த வட்டாரத்தில் காய்ச்சிய ரம்மையும் இங்கே விளைந்ததையும் கையில் எடுத்தார். பலாப்பழம் ஊறிய ரம், லக்சா இலை, ஆட்டுப்பால், மலாக்காக் கருப்பட்டி எல்லாம் சேர்த்து ‘பெரனாக்கான்’ என்று ஒரு பானம். எறும்பு வைத்து இன்னொன்று. ஆமாம், நிஜ எறும்பு. கடித்தால் எலுமிச்சை மாதிரி புளிப்பு. சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் பிடிக்கத்தான் வந்தார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டது பலாப்பழத்தை.

அடுத்து யுக்னேஸ் சுசிலாவின் எலிஃபன்ட் ரூம். தெக் லிம் சாலையில் தொடங்கியது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் நாம் காய் வாங்கப் போகும்போது மூக்கில் ஏறும் வாசனைகள்தான் அங்கே கச்சாப் பொருள். கறிவேப்பிலையைப் பானத்தில் போடுவது இன்று எல்லா ஊரிலும் ஃபேஷன். ஆனால் எப்போது கிள்ளிப் போட வேண்டும், எப்போது வதக்க வேண்டும் என்பது அதோடு வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும்: இந்த ஊரில் பார்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எதற்கும் கிளம்பும் முன் முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

துவாஸில் வேலை செய்பவர்: அண்ணே, எங்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. தேக்கா பக்கம் திடலில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பியர் குடித்தால் பிடிப்பார்களா?

பிடிப்பார்கள் தம்பி. லிட்டில் இந்தியாவில் நடந்த 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது; 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. தீவு முழுக்க இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளமும் பொது இடம்தான். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை: சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. பொதுவிடுமுறை நாட்களிலும் அப்படித்தான். பாட்டில் திறந்திருந்தாலே வம்பு.

உரிமம் உள்ள சாப்பாட்டுக் கடைக்குள்ளோ கோப்பிக்கடையிலோ உட்கார்ந்து குடிக்கலாம், அதற்குத் தடையில்லை. இரண்டு வெள்ளி கூடத்தான் ஆகும். 33 வெள்ளி கொடுத்து மெத்தை நாற்காலியில் குடிப்பவனுக்கு இந்தக் கவலையே இல்லை என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் உங்கள் வேலை அனுமதி பெரிது. கடைக்குள் உட்காருங்கள்.

பெங்களூரிலிருந்து இரண்டு தோழிகள்: நாங்கள் இருவர் மட்டும் இரவில் போகலாமா? எத்தனை மணி வரை?

தாராளமாக. தனியாக வரும் பெண்கள் கவுன்டரில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதை இங்கே தினமும் பார்த்திருக்கிறேன். நடனம் வேண்டுமென்றால் கிளார்க் கீ, அங்கே சூக். 1991இல் ஜியாக் கிம் தெருவில் தொடங்கிய கிளப், 2016இல் அங்கே வந்தது. புதன்கிழமை பல இடங்களில் பெண்களுக்குச் சலுகை இருக்கும்.

எம்ஆர்டி நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். பன்னிரண்டுக்கு மேல் டாக்சி மீட்டரில் 50 சதவீதம் கூடும். ஆகவே பதினொன்றரைக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் நிதானமாக இருந்துவிட்டுக் காசு கொடுங்கள். பன்னிரண்டே காலுக்கு அவசரப்படுவதில் பயனில்லை. அப்புறம் முக்கியமாக, கைப்பையில் வேப் (மின்சிகரெட்) இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வைத்திருப்பதே இங்கே குற்றம்.

ஈப்போ: ஜோகூரில் வாங்கிய பாட்டிலை எடுத்து வரலாமா?

மலேசியாவிலிருந்து வந்தால் வரியில்லாச் சலுகை கிடையாது. ஒரு பாட்டில் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். கட்டிய பிறகு இங்கேயே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

திருச்சி: நான் குடிப்பதில்லை. நண்பர்களோடு போய் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரி இருக்கிறது.

ஏன் சும்மா உட்கார வேண்டும்? “ஆல்கஹால் இல்லாமல், ஆனால் ஜூஸ் மாதிரியும் இருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். நல்ல பாராக இருந்தால் தேயிலை, மசாலா, காடி வைத்து ஒன்று செய்து தருவார்கள். அன்னாசி ஜூஸில் குடை குத்திக் கொடுத்தால் நண்பர்களையும் கிளப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மறுபடி மதுரை: அண்ணே, சைடிஷ் என்ன கிடைக்கும்? அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

நம்ம ஊர் மாதிரி மிளகு வறுவல், சுண்டல், ஆம்லெட் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆலிவ் ஆறு வைத்துப் பத்து வெள்ளி போடுவார்கள். வெறும் வயிற்றில் மட்டும் போகாதீர்கள். அட்லஸுக்கு முன்னால் தேக்காவில் இரண்டு பிராட்டா தின்றுவிட்டுப் போங்கள், இரண்டே எம்ஆர்டி நிறுத்தம்தான். தஞ்சோங் பகார் பக்கம் என்றால் முடித்துவிட்டு லாவ் பா சாட் உணவங்காடிக்கு நடங்கள். ஏழு மணிக்கு மேல் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போட்டிருப்பார்கள். தெரு முழுக்கக் கரிப்புகையும் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) வாசனையும்தான். கோழி பத்துக் குச்சி, ஆடு பத்துக் குச்சி சொல்லுங்கள். கடலைச் சட்னி கூடுதலாகக் கேட்டால் தருவார்கள்.