அம்மாவின் எலும்பும் ரத்த அழுத்த மாத்திரையும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. ரத்த அழுத்தத்துக்காக 12 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் இரவில் குளியலறைக்குப் போனபோது இடறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தியின் டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.8. ‘இந்த மாத்திரைதான் என் எலும்பைத் தின்றுவிட்டது’ என்று சொல்லி, மூன்று நாட்களாக அதைத் தொட மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதல் வேலையாக இன்றே அவருடைய மருத்துவரை அழைத்து, மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறிவிடும். கோபப்படாமல் அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய பயம் நியாயமானதுதான், பழியைத்தான் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்.

எலும்புக்கு ஆகாதது பெரும்பாலும் மாத்திரை அல்ல, உயர்ந்த அழுத்தமாகவே இருக்கலாம். அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது. அந்த இழப்பை உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 66 வயதும் அதற்கு மேலும் ஆன 3,676 பெண்களைச் சுமார் மூன்றரை ஆண்டுகள் கவனித்தார்கள். அழுத்தம் கூடக் கூட, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அடர்த்தி குறையும் வேகமும் கூடியிருந்தது. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. ஆனால் உப்பு இரண்டையும் கெடுக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை: ஏறத்தாழ 6 கிராம் உப்பு, சிறுநீர் வழியாக 40 மில்லிகிராம் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பைக் கட்டுப்படுத்துங்கள்.

மாத்திரைகளிலும் வேறுபாடு உண்டு. குளோர்தாலிடோன் போன்ற தையசைடு வகை (சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள்), கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் காக்கும். சிறுநீரைக் கூட்டும் மற்றொரு மாத்திரையான ஃபுரோசமைடு அதை வெளியேற்றும். அதற்காக நீங்களாக மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். தையசைடு முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துத் தள்ளாட்டத்தையும் உண்டாக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ‘இடறி’ என்ற சொல். உண்மையிலேயே கால் இடறியதா? விழுவதற்கு முந்தைய நிமிடத்தை அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டியதா, தலை லேசானதா? பலர் இதை மறந்துவிடுவார்கள், அல்லது பிள்ளைகள் பயப்படுவார்களே என்று மறைப்பார்கள். எழுந்து நின்றதும் அழுத்தம் சரிவது வயதானவர்களிடம் அடிக்கடி காண்பது. மாத்திரை அளவு மிஞ்சினாலும் நேரும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, நின்றதும் முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது.

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு இடுப்பில் நேரும் அபாயம் கூடுதல். கால்சியம் மாத்திரை மட்டும் போதாது, எலும்புக்கென்றே உள்ள மருந்து தேவைப்படும். அதைத் தரும் மருத்துவரிடம் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையையும் காட்டுங்கள். தையசைடோடு கால்சியமும் வைட்டமின் டியும் அளவு மீறிச் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.