கைக்குள் அடங்கும் ரிவால்வர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவர் ஹூஸ்டன் புறநகரில் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய சிறு கடையும் நடத்துகிறார். நாங்கள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். இரவில் கடையைச் சாத்திவிட்டு வசூல் பணத்தோடு வருவதால் அவர் இடுப்பில் ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறார். முறையாகச் சுடவும் கற்றிருக்கிறார். அது சமயத்தில் கைவிட்டால் உதவும் என்று, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் .22 அங்குல விட்டமுள்ள தோட்டாக்கள் ஐந்து கொள்ளும் ரிவால்வர் ஒன்றையும் வாங்க நினைக்கிறார். எனக்கு அது விளையாட்டுச் சாமான் போலத் தோன்றுகிறது. வாங்கலாமா?
– திருநெல்வேலியிலிருந்து சென்று குடியேறிய வாசகி, ஹூஸ்டன்

பதில்: விளையாட்டுச் சாமான் அல்ல, அம்மா, அதன் தோட்டா உயிரைக் குடிக்கும். ஆனாலும் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது துப்பாக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வீண் பயத்தில் பிறந்ததல்ல. பிஸ்டலில் தோட்டா சிக்கிக்கொள்ளலாம், கைகலப்பில் எதிராளி அதைப் பறித்துவிடலாம், வலக்கையில் அடிபடலாம், காரில் பெல்ட் போட்டு அமர்ந்திருக்கையில் இடுப்புக்குக் கை எட்டாமலே போகலாம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளையரை மடக்கியபோது, கார்கள் மோதிய அதிர்ச்சியில் ஒரு முகவரின் துப்பாக்கி எங்கோ போய் விழுந்துவிட்டது. அவருக்குக் கைகொடுத்தது கூடுதலாக வைத்திருந்த ஐந்து தோட்டா .38 ரிவால்வர்தான். ஐந்தையும் சுட்டு முடித்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் கையிலேயே குண்டு பாய்ந்தது. முகவர்கள் இருவர் உயிரிழந்த அந்த நாள், இரண்டாவது துப்பாக்கி ஏன் தேவைப்படுகிறது என்பதையும் ஐந்து தோட்டாக்கள் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகின்றன என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

உங்கள் கணவர் பார்த்திருப்பது யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் நிறுவனம் செய்யும் குட்டி ரிவால்வராகவோ அதைப் போன்ற ஒன்றாகவோ இருக்க வேண்டும். எடை ஏறத்தாழ 130 முதல் 180 கிராம் வரை. சட்டைப் பையில் போட்டாலும் வெளியே தெரியாது. வெயில் கொளுத்தும் டெக்சாஸில் மெல்லிய உடையோடு நடமாடுகிறவருக்கு இது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதைக் கையில் எடுத்த பிறகுதான் சங்கடம் தொடங்குகிறது. பிடியில் இரண்டு விரல் பதிவதே அரிது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் பின்னாலுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அந்தச் சுத்தியலோ சோளமணி அளவுதான். பயத்தில் வியர்த்து நடுங்கும் கட்டைவிரல், அதுவும் மறுகை எதிராளியைத் தள்ளிக்கொண்டிருக்கும் வேளையில், அதிலிருந்து நழுவாமல் இருக்குமா என்பதை உங்கள் கணவரே சொல்லட்டும். மறுபடி தோட்டா நிரப்ப, நடு அச்சை உருவி, சிலிண்டரைத் தனியே கழற்றி, காலித் தோட்டாக்களைத் தள்ளி எடுக்க வேண்டும். சண்டையின் நடுவே இது நடக்காது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையைச் சுற்றிக் காப்பு வளையமும் கிடையாது. ஆகவே சுத்தியலை இரண்டு தோட்டா அறைகளுக்கு நடுவே சிலிண்டரில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் பதித்து வைத்தால் மட்டுமே அதைப் பத்திரமாக எடுத்துச் செல்ல முடியும். தோட்டாவின் மேலேயே சுத்தியலைப் படுக்கவைத்துப் பையில் போட்டால், கீழே விழும் ஒரு அடியே அதை வெடிக்கச் செய்யப் போதும்.

தோட்டாவின் வலிமை அடுத்த கவலை. நீண்ட குழலுடைய ரைஃபிளில் நொடிக்கு ஏறத்தாழ 580 மீட்டர் வேகத்தில் பாயும், .22 ரகத்தில் வலிமை கூடிய மேக்னம் தோட்டா, ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் இந்தக் குழலிலிருந்து ஏறத்தாழ அதில் பாதி வேகத்தில்தான் வெளியேறும். எஞ்சிய மருந்து கண் கூசும் ஒளியாகவும் காதடைக்கும் சத்தமாகவும் வீணாகிறது. தாக்குகிறவரை நிறுத்தும் தோட்டா, உடலின் தசையை ஒத்த சோதனைக் களிப்பொருளில் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது மயாமி நிகழ்வுக்குப் பின் எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல். இவ்வளவு குட்டையான குழலிலிருந்து சுடும்போது பல .22 தோட்டாக்கள் அந்த அளவை எட்டத் தடுமாறுகின்றன. பற்றவைக்கும் மருந்து நடுவில் தனிக் கிண்ணமாக இல்லாமல் விளிம்புக்குள் பரவியிருப்பதால், இந்த ரகத் தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பும் சற்று அதிகம்.

என் தீர்மானம் இது. உங்கள் கணவர் இரண்டாவதாக ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், மயாமியில் அந்த முகவருக்கு உதவிய ரகத்துக்கே போகட்டும். ஸ்மித் அண்ட் வெசன் 1950இல் கொண்டுவந்த அந்தச் சிறு .38 ரிவால்வரின் வழியில் வந்தவை, இலகு உலோகத்தில் செய்யப்பட்டு இன்று 400 கிராமை ஒட்டிய எடையில் கிடைக்கின்றன. அவற்றில் சுத்தியல் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். சுத்தியலை இழுக்க வேண்டியதில்லை, விசையை அழுத்தினால் போதும். அந்த விசை கனமானது, உதைப்பும் கடுமையானது என்பதால் இதற்கும் மாதந்தோறும் பயிற்சி தேவை. குட்டி ரிவால்வரைத்தான் வாங்குவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், குறைந்தபட்சம் அது இடுப்பிலுள்ள பிஸ்டலுக்குத் துணையாகவே இருக்கட்டும். “இன்று ஒரு நாள்தானே, லேசானது போதும்” என்று பெரியதை வீட்டில் வைத்துவிட்டுச் சிறியதோடு மட்டும் கிளம்பும் பழக்கம் பலருக்கும் மெல்ல வந்துவிடுகிறது. என் பெரிய பயம் அதுதான்.

கேள்வி: பத்துத் தோட்டா கொள்ளும் சிறிய பிஸ்டல்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கும்போது, துணைக்கு ரிவால்வர் எதற்கு?
– வாசகர், டாலஸ்

பதில்: நல்ல பயிற்சி உள்ளவருக்குச் சிறிய பிஸ்டலும் பொருத்தமே. ஆனால் துணைத் துப்பாக்கி தேவைப்படும் தருணம் பெரும்பாலும் கட்டிப்புரளும் தருணம். பிஸ்டலின் முனை எதிராளியின் உடம்பில் அழுந்தினால் மேல்பகுதி சற்றே பின்னே நகர்ந்து, விசையை இழுத்தாலும் சுடாமல் போகக்கூடும். ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. சுத்தியல் மறைந்த ரிவால்வரைக் கோட்டுப் பைக்குள் இருந்தபடியே அடுத்தடுத்துச் சுடவும் முடியும், ஏனெனில் துணியில் சிக்குகிற மாதிரி முன்னும் பின்னும் ஓடும் பகுதி அதில் எதுவும் கிடையாது. எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் விசையை முழுதாக மூடும் உறையில் வைத்து, அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா என்று வேறெதுவும் போடாமல் இருப்பது அவசியம்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் ஆஸ்டினில் வேலை பார்க்கிறேன். டெக்சாஸில் 2021 முதல் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். தனியாக நடந்து வரும்போது பையில் ஒரு குட்டி ரிவால்வர் இருந்தால் தைரியமாக இருக்கும். வாங்கலாமா?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: தயவுசெய்து வாங்க வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல டெக்சாஸ் அனுமதிப்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் ஏற்கெனவே தடை செய்துள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள், நடப்பிலுள்ள வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மாநிலச் சட்டத்தால் அதை மீற முடியாது. எச்-1பி விசாவுக்கு மட்டுமல்ல, எச்-1பி விசாக்காரரின் மனைவிக்கோ கணவருக்கோ தரும் எச்-4 விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு பெற்றவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. 2022இல் செய்த திருத்தத்தின்படி இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அதோடு நாடு கடத்தப்படவும் நேரும். நண்பர் வாங்கி உங்களிடம் கொடுத்தால் அவரும் சேர்ந்து சிக்கிக்கொள்வார். பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதைக்கூடக் கைவசம் வைத்திருந்ததாகக் கருத இடமிருக்கிறது. வேட்டை உரிமத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்காதீர்கள். பல ஆண்டு உழைப்பில் கட்டிய வாழ்க்கையை 130 கிராம் இரும்புக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு, உரிமம் பெற்ற ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஆனால் முதல் உரிமமே எளிதில் கிடைக்காத நாட்டில் துணைக்கு ஒன்று என்ற பேச்சு பெரும்பாலோருக்கு எழுவதில்லை. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் 500 கிராம் எடை. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல்.

கேள்வி: வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னத் துப்பாக்கி என்பதால் அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் வைக்கிறோம். போதாதா?
– வாசகி, சான் அன்டோனியோ

பதில்: போதாது. சின்னது என்பதுதான் இங்கே ஆபத்து: பெரிய பிஸ்டலை இழுக்கத் திணறும் பிள்ளைக் கைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், பொம்மை என்றே நம்பவும் தோன்றும். எண் பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டியை வாங்கிச் சுவரிலோ கட்டிலிலோ திருகாணியால் பொருத்தி, இடுப்பிலிருந்து எடுத்த கையோடு அதற்குள் வையுங்கள். பூட்டின் எண் பிள்ளைகளின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது சில நாள்களாகச் சாப்பிடாமல், பேசாமல், சோர்ந்து கிடந்தால் பெட்டியில் பூட்டுவதோடு நிறுத்தாமல், துப்பாக்கியைச் சட்டப்படி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தால் எந்த நேரத்திலும் பேச ஆள் இருப்பார்கள்.