மடிக்கணினிக்கு ஏற்ற சிறிய மவுஸ் எது?

கேள்வி: கல்லூரிக்கு எடுத்துச் செல்லச் சிறிய வயர்லெஸ் மவுஸ் வாங்க விரும்புகிறேன். ரிசீவருடன் வருவது நல்லதா, புளூடூத் நல்லதா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மடிக்கணினியில் டைப்-சி துளைகள் மட்டுமே இருந்தால், தயங்காமல் புளூடூத் மவுஸை வாங்குங்கள். வழக்கமான யுஎஸ்பி துளை இருந்தால், மவுஸின் சிக்னலைப் பெறும் சிறு ரிசீவரை அதில் செருகியதும் இயங்கும் வகையே எளிது. ஆனால், அதற்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், அதிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுவதால், திரையில் அம்புக்குறி திக்கித் திக்கி நகரக்கூடும். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளவு விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மிகச் சிறிய மவுஸில் உள்ளங்கை படியாமல் விரல் நுனிகளாலேயே பிடிக்க வேண்டியிருப்பதால், மணிக்கணக்கில் வேலை செய்யும்போது விரல்களும் மணிக்கட்டும் வலிக்கலாம். ஆகவே, கடையில் கையில் பிடித்து, சற்று நேரம் நகர்த்திப் பார்த்தே வாங்குங்கள். எழுத்து வேலைக்கு 1000 டிபிஐ (மவுஸ் அசைவை உணரும் நுணுக்கத்தின் அளவு) தாராளமாகப் போதும். பேட்டரி அறைக்குள் ரிசீவரைச் செருகி வைக்க இடமிருக்கிறதா என்பதையும் திறந்து பாருங்கள்; நகத்தளவே உள்ள அந்தப் பொருள் பைக்குள் எளிதில் தொலைந்துவிடும். நூலக மேசை கண்ணாடியாக இருந்தால், ஒளியைக் கொண்டு அசைவை அறியும் சாதாரண ஆப்டிகல் மவுஸ் அதன்மேல் சரியாக இயங்காது. அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.