யூரோவிஷனைப் புறக்கணித்தால் யாருக்குத் தெரியும்?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பாரிஸில். வருஷா வருஷம் நாடுகளுக்கு இடையே ஐரோப்பாவில் நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பார்த்து ஓட்டும் போடுவோம். காஸாவில் இத்தனை சாவுகளுக்குப் பிறகும் இஸ்ரேலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிருந்து நான் புறக்கணித்தால் பலன் உண்டா?

பதில்: டிவியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு விலகினால் பலன் உண்டு.

முதலில் ஓட்டு. போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் 2023 முதல் இணையத்தில் காசு கட்டி ஓட்டுப் போடலாம். அந்த ஓட்டுகளை எல்லாம் கூட்டி ஒரே நாட்டின் ஓட்டாகக் கணக்கிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த 2025 போட்டியில் அந்தப் பிரிவின் உச்சப் புள்ளியான 12 இஸ்ரேலுக்கே போனது. மக்கள் ஓட்டில் இஸ்ரேலுக்கு முதலிடம், நடுவர்களின் புள்ளிகளையும் சேர்த்து மொத்தத்தில் இரண்டாமிடம். எதிர்த்து ஓட்டுப் போட வழி கிடையாது. நீங்கள் ஒதுங்குவதால் அந்தப் புள்ளி குறையாது. ஆனால் உங்கள் காசு அங்கே போகாது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

முடிவெடுப்பவர்கள் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் உறுப்பினர்களான பொதுத் தொலைக்காட்சிகள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. பின்லாந்து உள்ளிட்ட சில நாடுகளின் தொலைக்காட்சிகள் எதிர்ப்புத் தெரிவிக்க, மறுநாளே ரஷ்யாவை விலக்கினார்கள். 2025 டிசம்பரில் இஸ்ரேல் தொடரலாம் என்றானதும் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026 வியன்னா போட்டியிலிருந்து விலகின. பிரான்ஸ் விலகவில்லை.

உங்கள் பிடி அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸின் பொதுத் தொலைக்காட்சியான பிரான்ஸ் தெலெவிசியோன் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. பார்வையாளர் புகார்களைக் கேட்க அங்கே ஒரு மத்தியஸ்தர் உண்டு. பாரிஸ் உறவினர்களை அவருக்கு எழுதச் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். ஈழப் போர் முடிந்த அடுத்த வருஷம், 2010 ஜூனில், கொழும்பில் இந்தி சினிமாவுக்கான ஐஃபா விருது விழா நடந்தது. தென்னிந்தியத் திரை அமைப்புகள் புறக்கணிக்கச் சொல்லின. அமிதாப் பச்சன் உட்படப் பல நட்சத்திரங்கள் போகவில்லை. மேடை ஏற வேண்டியவர்கள் வராததுதான் செய்தியானது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பாடகர்களின் பக்கங்களில் போய்த் திட்டாதீர்கள். 2025இல் இஸ்ரேலுக்காகப் பாடிய யுவால் ரஃபேல், 2023 அக்டோபர் 7 தாக்குதலில் உயிர் தப்பியவர்.

கடிதத்தை எல்லோரும் ஒரே மாதிரி நகலெடுத்து அனுப்ப வேண்டாம். அவரவர் பெயரில், அவரவர் வார்த்தையில் எழுதட்டும். 2022இல் ரஷ்யாவுக்குப் பொருந்திய நியாயம் இப்போது ஏன் பொருந்தவில்லை என்று நேராகக் கேட்டு, எழுத்தில் பதில் வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.