பச்சைக் கோடு சிவப்பானால்: போலீஸ் கண்காணிப்பும் நம் கையிலிருக்கும் ரேடியோவும்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே ரகமான கேள்விகள் சேர்ந்துவிட்டன, அதனால் மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: சார், பழைய ஹாட்ஸ்பாட் டப்பா ஒன்றை வைத்தே போலி செல்போன் டவரைப் பிடிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் அளவோடு நம்புங்கள். நீங்கள் சொல்வது ரேஹன்டர் என்ற இலவச மென்பொருள். டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்டது, ஆர்பிக் ஆர்சி400எல் என்ற 4ஜி ஹாட்ஸ்பாட்டில் ஓடும், பழையது சுமார் 20 டாலருக்குக் கிடைத்தது. போலீஸ் வைத்திருக்கும் ஸ்டிங்ரே மாதிரி போலி டவர் கருவிகள் 'நான்தான் டவர்' என்று நடித்து அக்கம்பக்கத்து போன்களை இழுத்து, அவற்றின் ஐஎம்எஸ்ஐ எண்ணை, அதாவது சிம்மின் அடையாள எண்ணை, வாங்கிக்கொள்ளும். சில சமயம் பாதுகாப்பு குறைந்த பழைய 2ஜிக்கு இறங்கவும் சொல்லும். டவருக்கும் போனுக்குள் இருக்கும் மோடத்துக்கும் நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தை சாதாரண போனில் நம் கண்ணுக்கே வராது. ரேஹன்டர் அதை உட்கார்ந்து படிக்கிறது, ஏதாவது உறுத்தினால் திரையில் உள்ள பச்சைக் கோடு சிவப்பாகிவிடும்.

சிவப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். எனக்கு ஒருமுறை வந்தது, சிக்னல் விட்டுவிட்டு வரும் ஒரு நெடுஞ்சாலையில். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. நிஜ டவரும் சில நேரம் அடையாள எண்ணைக் கேட்கத்தான் செய்யும். பதிவை இறக்கி வையுங்கள், அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். அதற்காகச் சந்தேகமே வீண் என்று சொல்லவில்லை: 2007 முதல் சுமார் 4,300 தடவை இவ்வகைக் கருவியைப் பயன்படுத்தியதாக பால்டிமோர் போலீஸ் தரப்பே 2015இல் நீதிமன்றத்தில் சொன்னது. கையோடு போனில் 2ஜியை அணைத்துவிடுங்கள், ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் அந்த வசதி உண்டு. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் லாக்டவுன் மோடைப் போடுங்கள்.

கே: வீட்டுக்கு மேல் ஒரு சின்ன விமானம் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. யாருடையது?

இங்கேதான் ரேடியோ உண்மையில் உதவும். பெரும்பாலான விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தாங்களே 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டு பறக்கின்றன. கணினியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றும், ஆன்டெனாவாக ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கம்பியும் போதும், ஜன்னல் ஓரத்தில் வைத்தாலே வரைபடத்தில் புள்ளிகள் நகரும். விமானங்களைக் காட்டும் பல இணையதளங்கள் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் விமானத்தை மறைத்துவிடும். ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்ற தளம் மறைப்பதில்லை. சின்னதாக வட்டமடிக்கும் செஸ்னா ரகச் சிறு விமானங்களின் பதிவெண்களைத் தோண்டித்தான் எஃப்பிஐ போலி கம்பெனிகளின் பெயரில் விமானங்களை ஓட்டுவதை 2015இல் ஏபி செய்தி நிறுவனம் வெளியே கொண்டுவந்தது. ஆனால் வட்டமடிப்பதெல்லாம் எஃப்பிஐ இல்லை, டிராஃபிக் செய்திக்காரரும் பறக்கப் பழகும் பையனும் வட்டம்தான் அடிப்பார்கள். பதிவெண்ணை அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் தளத்தில் போட்டு உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

கே: புளூடூத் ஸ்கேனர் ஆப்பில் போலீஸ்காரரின் உடல் கேமரா தெரியுமா?

தெரியலாம். போலீஸ் உடல் கேமராக்கள் செய்யும் ஆக்ஸான் நிறுவனத்தின் பழைய பெயர் டேசர். அந்தப் பெயரில் பதிவான 00:25:டிஎஃப் என்று சாதனத்தின் புளூடூத் முகவரி தொடங்கினால் அது அவர்கள் சாதனம். ஆனால் புளூடூத் எட்டுகிற தூரத்தில் ஆளே கண்ணுக்குத் தெரிவாரே! சீருடை போடாதவர் விஷயத்தில் வேண்டுமானால் கொஞ்சம் பயன்.

கே: போலீஸ் ரேடியோ கேட்க ஸ்கேனர் வாங்கினேன், ஒரே இரைச்சல். ஏமாந்துவிட்டேனா?

கருவி மேல் தப்பில்லை. சிகாகோ, நியூயார்க் எல்லாம் போலீஸ் ரேடியோவை மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) மாற்றத் தொடங்கிவிட்டன, அதை உடைக்கும் வித்தை நம்மிடம் இல்லை. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பல ஊர்களில் இன்னும் திறந்துதான் இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஒன்று, காரில் வைத்துக்கொண்டு சுற்றுவதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். ஃபுளோரிடாவிலும் நியூயார்க்கிலும் கட்டுப்பாடு உண்டு.

கே: சிக்னலையே முடக்கும் ஜாமர் போட்டுவிட்டால் தொல்லை விட்டதே?

கூடவே கூடாது. கேட்பது வேறு, கெடுப்பது வேறு. ஜாமர் மத்திய சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்காரரின் 911 அழைப்பும் சேர்ந்து போகும்.

கே: நம்பர் பிளேட் படிக்கும் கேமராவை எந்த ரேடியோ காட்டும்?

நம்பிச் சொல்லும்படி எதுவும் இல்லை. கேமரா வெறுமனே பார்க்கிறது, பார்த்ததை செல் நெட்வொர்க் வழியே அனுப்புகிறது, ரேடியோவுக்கு அதுவும் இன்னொரு போன் மாதிரிதான். டீஃப்ளாக் என்ற வரைபடத்தில் மக்களே இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சாலையோரம் கருப்புக் கம்பம், உச்சியில் சோலார் தகடு, அதன் கீழே நீளவாக்கில் ஒரு கேமரா, அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும்.